எல்மர் வாங்காத டயர்கள்

டயர்க் கடைக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவளிடம் யாரும் பொய் சொல்லித் தப்ப முடியாது. "நான் மெதுவாத்தான் ஓட்டுவேன் ஆர்டிஸ்" என்பார்கள். டயரின் ஓரம் தேய்ந்திருப்பதைப் பார்த்தால், வளைவுகளில் எப்படிப் பறக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். என் தம்பி டேல் பட்டறைக்குள் வண்டிக்கு அடியில் கிடப்பான். முன்னால் காபி போட்டுக்கொடுத்துக்கொண்டு, ஊர் வம்பு கேட்டுக்கொண்டு, டயர் விற்பது என் வேலை. சுப்பீரியர் ஏரிக் காற்று நேராக எங்கள் மலைமேல்தான் வந்து மோதும். நவம்பரில் தொடங்கும் பனி ஏப்ரலில்கூட விட்டுப்போக மனசில்லாமல் கிடக்கும். டயர்க் கடை பட்டினி கிடக்காத ஊர்.

எல்மர் ரௌதியோ பனிக்காலத்துக்கு டயர் வாங்காதவர். அதற்காகவே பெயர் எடுத்தவர்.

ஆள் ஒன்றும் அசட்டு ஆள் இல்லை. சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நாங்கள் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் காலையில், எங்களுக்காக ரோட்டை வழித்துவிட்டுப் போனவர். ஓய்வு பெற்ற பிறகும் படுக்கையில் கிடந்தபடியே, தெருவில் போகும் லாரிச் சத்தத்தை வைத்து ஓட்டுவது யார், பிளேடு தேய்ந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லுவார். அவர் மனைவி ஐலி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். ஊரில் பாதிப் பேர் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். பிள்ளைகள் இல்லை. ஒரு சிவப்பு பிக்கப் டிரக் இருந்தது. பழைய வண்டி, பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வகை. அந்த மாதிரி டிரக்குக்கு முன்னால் எஞ்சின் கனம், பின்னால் வெறும் தகரத் தொட்டி. பனியில் பின்பக்கம் ஆட்டம் போடும். அதனால் எல்மர் தொட்டிக்குள், பின் அச்சுக்கு மேலே, மணல் மூட்டைகளை அடுக்கிவிடுவார். அவ்வளவுதான் அவருடைய பனிக்கால ஏற்பாடு. கீழே சுற்றுவது வருஷம் முழுக்க ஒரே ஆல் சீசன் டயர்.

"எல்மர், கனம் வேற, பிடிப்பு வேற. குளிர்ல இந்த ரப்பர் கட்டை மாதிரி இறுகிப் போயிடும். இதோ பனி டயர், நகத்தால அழுத்திப் பாருங்க, எப்படி அமுங்குது" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"நகத்தால அமுக்கிப் பார்க்கறதுக்கு இது என்ன வெண்ணெயா? மணலும், காலும், மூளையும் இருந்தா போதும்" என்பார். "பிரேக்கை வளைவுக்கு முன்னாடி மிதிக்கணும். வளைவுல மிதிக்கிறவனுக்குத்தான் உன் டயர் வேணும்."

சொன்னதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஒரு சனிக்கிழமை நார்ம் வீட்டுச் சவுனாவில், அந்த நீராவி அறையில், ஆண்கள் எல்லோரும் ஆவியில் வெந்துகொண்டிருந்தபோது, நார்ம் தன் வண்டிக்குப் பனி டயர் மாட்டிய சேதியைச் சொல்லியிருக்கிறான். நார்ம் எல்மருக்கு ஒன்றுவிட்ட தம்பி, ஒத்த வயசு, வேட்டைக்கூட்டாளி. எல்மர் விடுவாரா? பனி டயர் என்பது ஏரிப் பாலத்துக்குத் தெற்கே, நகரத்திலிருந்து கோடைக்கு வந்து போகிறவர்கள் வாங்குவது, இந்த மண்ணில் வண்டி பழகியவன் வாங்கினால் வெட்கக்கேடு என்று வாய் கிழியப் பேசியிருக்கிறார். அதோடு ஒரு சபதம் வேறு. "நான் பனி டயர் வாங்கின அன்னைக்கு, ஏரியில ஐஸை உடைச்சு என்னை உள்ள தள்ளுங்கடா!" சவுனாவுக்குள் பேசியது வெளியே வரக்கூடாது என்பார்கள். மறுநாள் காலையில் அது என் கவுண்டருக்கு வந்துவிட்டது.

அந்தக் குளிர்காலத்திலேயே பழைய தாமிரச் சுரங்கத்து வளைவில் சிவப்பு டிரக் ஒரு சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. ஐலி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "ஏன் திரும்பிட்டீங்க?" என்று கேட்டாளாம். "பர்ஸை வீட்ல வச்சுட்டேன்" என்றாராம். பர்ஸ் அவர் பையில் துருத்திக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள்.

அடுத்த நவம்பரில் மான் வேட்டை தொடங்கியது. எங்கள் ஊரில் அப்போது கல்யாணம், கருமாதி எதுவும் வைக்க மாட்டார்கள். வைத்தாலும் ஆண்கள் இருக்க மாட்டார்கள். எல்மர் வழக்கம்போல நார்மின் வண்டியில் ஏறிக் காட்டுக் குடிசைக்குப் போய்விட்டார். சிவப்பு டிரக் வீட்டில் நின்றது. மறுநாள் காலை அதை ஓட்டிக்கொண்டு ஐலி என் கடை வாசலில் வந்து நின்றாள். கையில் துணியில் சுற்றிய ஏலக்காய் ரொட்டி, இன்னும் சூடாக.

"ஆர்டிஸ், நாலு பனி டயர் மாட்டிவிடுடி. பார்த்தா தெரியக் கூடாது. டயர் மேல இருக்கற எழுத்து உள்பக்கம் திரும்பியிருக்கணும்."

"உங்க வீட்டுக்காரரு கண்டுபிடிச்சுட்டா?"

"அந்த மனுஷனுக்கு டயர்னா கருப்பா இருக்கணும், வட்டமா இருக்கணும். அவ்வளவுதான் தெரியும். வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டு நிக்கறாரு, பாவம். ஊர் சிரிக்கும்படி பண்ண எனக்கு மனசில்ல. அதுக்காக வளைவுல சாகவும் மனசில்ல."

அவர் வண்டிக்கு ஏற்றபடி, ஒல்லியான டயராகத் தேர்ந்தெடுத்தேன். ஆழப் பனியை அகல டயர் மிதந்து தாண்டப் பார்க்கும். ஒல்லி டயர் வெட்டிக்கொண்டு கீழே இறங்கித் தரையைப் பிடிக்கும். ஐலி அதைச் சேற்றுப் பாதையில் இரண்டு தடவை ஓட்டிப் புதுப் பளபளப்பைப் போக்கினாள். எல்மர் வேட்டை முடிந்து வந்தார், ஏறினார், ஓட்டினார். குளிர்காலம் முழுக்க ஒரு சறுக்கல் இல்லை. கவுண்டரில் சாய்ந்துகொண்டு, "பார்த்தியா? மணல், கால், மூளை" என்றார். சிரிப்பை அடக்க முடியாமல், காபிப் பொடி எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். பனி உருகி அவரும் நார்மும் ஆற்று மீனுக்குப் போனதும், ஐலி வந்து பழைய டயரை மாட்டிக்கொண்டு போனாள்.

இப்படியே ஒவ்வொரு வருஷமும் நடந்தது. நவம்பரில் ரொட்டியோடு வருவாள், மாட்டுவோம். வசந்தத்தில் வருவாள், கழற்றுவோம். கழற்றியதைப் பின்னறையில் நீலத் தார்ப்பாய் போட்டு மூடி வைப்போம். ஊருக்கே தெரியும். நார்முக்கும் தெரியும். யாரும் எல்மரிடம் மூச்சு விடவில்லை. ஒரு வசந்தத்தில் இடது பின் டயரில் ஆணி குத்திய ஓட்டை ஒன்று, சுத்தமாக அடைக்கப்பட்டிருந்தது. "இது நம்ம வேலை இல்லையே" என்றான் டேல். ஐலியைக் கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை. எவனாவது நல்லவன் வழியில் அடைத்துக் கொடுத்திருப்பான் என்று விட்டுவிட்டோம். முதல் செட் கிழடானதும், இரண்டாவது செட் வாங்கினோம். அந்த வருஷம் ஒல்லி டயர் சரக்கு வரவில்லை, கொஞ்சம் அகலமானதை மாட்டிவிட்டேன்.

பிறகு ஐலியின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஒரு தடவை தப்பினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். அடுத்ததும் தப்பினால் என்ன ஆகும் என்று டாக்டர் எல்மரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கோடை முழுக்க எல்மர்தான் ஓட்டிக்கொண்டு போய் வந்தார். நவம்பர் வந்தது. அந்த மனுஷன், விவரம் தெரிந்த நாளாக ஒரு வருஷமும் தவறாத ஆள், வேட்டைக்குப் போகவில்லை.

ஐலி எனக்குப் போன் செய்தாள். மெதுவாகப் பேசினாள், அவர் சமையலறையில் இருந்தார் போல.

"அடியே, இவரு போக மாட்டேங்கறாரு. நான் தலைகீழா நின்னு பார்த்துட்டேன்."

"நான் வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுங்களேன்."

"சொன்னேன். 'ஆர்டிஸ் ஓட்டறதை நான் பார்த்திருக்கேன், நீ ஆஸ்பத்திரி போக வேணாம், நேரா கல்லறைக்கே கொண்டுபோய் விட்டுடுவா'ங்கறாரு."

எனக்கு வந்த கோபத்தில் போனை வைக்கப் பார்த்தேன். "அப்ப உண்மையைச் சொல்லிடுங்க ஐலி! இத்தனை வருஷமும் எதுல ஓட்டினாருன்னு சொல்லுங்க. உயிரை விடவா பெரிசு அவரு வீராப்பு?"

"லாரியை விட்டு இறங்கினதுக்கு அப்புறம் அவருகிட்ட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்டி. அதையும் நானே பிடுங்கவா?" என்றாள்.

நார்மை விட்டு அழைக்கச் சொன்னேன். வராந்தாவில் நின்று கெஞ்சியிருக்கிறான், "டேய், நீ இல்லாம தனியா உட்கார்ந்து அடுப்போடவா பேசறது?" என்று. எல்மர் கதவைச் சாத்திவிட்டார். ஏதாவது பொய் சொல்லி டிரக்கை ஒரு மணி நேரம் வாங்கலாமா என்றும் பார்த்தோம். அவர் சாவியைச் சட்டைப் பையை விட்டு எடுக்கவேயில்லை. மனைவிக்கு எப்போது மூச்சு முட்டுமோ என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தால் டயர் மாறவில்லை.

ஏரிப் பனி வந்தது. இரவெல்லாம் கொட்டி, காலையிலும் கொட்டியது. மதியம் டேலுக்குப் போன் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், சுரங்கத்து வளைவில், சிவப்பு டிரக் பள்ளத்தில் கிடக்கிறது. இழுவை வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினான். ஐலி போர்வைக்குள் சுருண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். எல்மர் தொட்டியில் ஏறி, சக்கரத்துக்கு அடியில் தூவ மணல் மூட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தார். முந்தின மழையில் நனைந்த மணல், உறைந்து பாறையாகக் கிடந்தது. கடப்பாரையால் குத்தினால் பொறி பறந்ததாம். அவ்வளவு வருஷம் நம்பியிருந்த மணலில் ஒரு பிடிகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

பள்ளத்தில் கிடக்கிறவனிடம் எப்படி விழுந்தாய் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். குளிரைப் பற்றித்தான் பேச வேண்டும். டேல் குளிரைப் பற்றிப் பேசினான். எல்மர்தான் தாமாகவே, "மான் குறுக்கே வந்துடுச்சு" என்றார்.

"ஆமா, இந்த வருஷம் மான் ஜாஸ்தி" என்றான் டேல். புதுப் பனியில் ஒரு குளம்புத் தடமும் இல்லை. அதற்குள் மலைமேல் ரோட்டை மூடிவிட்டார்கள். ஐலியை வீட்டுக்குத்தான் கொண்டுவர முடிந்தது. ஆஸ்பத்திரியில் மறுநாள் மதியம் வரச் சொன்னார்கள். அதைத் தப்பவிடக்கூடாது என்றும் சொன்னார்கள்.

மறுநாள் காலை கடை நிரம்பி வழிந்தது. முதல் பெரும் பனி கொட்டிய பிறகுதான் பாதிப் பேருக்குப் புத்தி வரும். அடுப்போடு பேசிச் சலித்துப்போன நார்மும் காட்டிலிருந்து திரும்பி, என் காபியைக் காலி செய்துகொண்டிருந்தான். கதவைத் திறந்துகொண்டு எல்மர் வந்தார். சவரம் செய்யவில்லை. நேராகக் கவுண்டருக்கு வந்து சாவியை வைத்தார்.

"டயரை மாட்டும்மா. அவ மதியம் கிளம்பணும்."

"எந்த டயர் எல்மர்?" என்றேன்.

"எந்த டயரா? பின்னறையில நீலத் தார்ப்பாய்க்கு அடியில இருக்கே, அதுதான். என்னுது."

டேல் பட்டறைக் கதவில் கையில் ஸ்பானரோடு நின்றுவிட்டான்.

"பின்னால போடற இடது டயர் இருக்கே, பழைய செட்ல அதுல ஆணி ஏறிச்சு. நான்தான் அடைச்சேன். இந்த செட்லயும் அந்த வால்வு கொஞ்சம் கசியுது. பார்த்துப் போடு" என்று அவனிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆமா, முதல் செட் அருமையான டயரு, ஒல்லியா, வெட்டிக்கிட்டுப் போகும். ரெண்டாவது செட்டை ஏன் அவ்வளவு அகலமா வாங்கித் தொலைச்சே?"

எத்தனையோ பேரைக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு என்னால் சொல்ல முடிந்தது, "அந்த வருஷம் சரக்கு வரல" என்பது மட்டும்தான்.

"எப்ப தெரிஞ்சுச்சு உங்களுக்கு?" என்று பிறகு கேட்டேன்.

"முதல் வருஷமே. வேட்டைக்குப் போயிட்டு வந்து வண்டியை எடுத்தேன். தெருமுனை திரும்பறதுக்குள்ள தெரிஞ்சுபோச்சு. சத்தமே வேற. நான் என்ன செவிடா?"

"அப்புறம் ஏன் வாயே திறக்கல?"

சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். "வேட்டை முடிஞ்சு நான் வீட்டுக்கு வர்ற அன்னைக்கு, அவ முகத்தை நீ பார்த்ததில்ல. ஏதோ என்னை ஜெயிச்சுட்ட மாதிரி, ஒரு வாரம் தனியா சிரிச்சுக்கிட்டே திரிவா. அடுப்படியில பாட்டு வேற. அதைக் கெடுப்பானா ஒருத்தன்?"

நார்மால் சும்மா இருக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "டேய் எல்மர், அப்ப ஏரிக்கு எப்ப போறோம்? ஐஸ் உடைக்க ஆள் தயாரா இருக்கு" என்றான்.

"எதுக்குடா? நான் எங்கே வாங்கினேன்? என் பொண்டாட்டி வாங்கினா. அவளைத் தள்ளிப் பாரு, தைரியம் இருந்தா."

கடையே வெடித்துச் சிரித்தது. எல்மர் சிரிக்கவில்லை. கவுண்டரில் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "நான் வந்தது அவளுக்குத் தெரிய வேண்டாம். நான் இரும்புக் கடையில இருந்தப்போ நீங்களா திருட்டுத்தனமா மாத்திட்டதா சொல்லிடு. உன் வாய்தான் ஊரறிஞ்ச வாயாச்சே, இந்த ஒரு தடவை நல்லதுக்குத் திறந்துக்கோ."

டேல் அவருடைய வண்டியை வரிசையில் முதலாவதாக ஏற்றினான். ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. நான் பின்னறைக்குப் போய் ஐலிக்குப் போன் போட்டேன். இரும்புக் கடை வாசலில் வண்டி நின்றது, டேல் பூனை மாதிரி போய் எடுத்து வந்தான், அவர் திருகாணி பொறுக்கிக்கொண்டிருந்தார், திரும்பி வருவதற்குள் வண்டி அதே இடத்தில் நின்றது என்று வாயில் வந்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். மூச்சு முட்ட அவள் சிரித்தாள், இருமினாள், மறுபடி சிரித்தாள்.

"நான்தான் சொன்னேனேடி. கருப்பா இருக்கணும், வட்டமா இருக்கணும். பாவம்டி, ஒண்ணுமே தெரியாது அந்த மனுஷனுக்கு."

"ஆமா ஐலி, ஒண்ணுமே தெரியாது" என்றேன். போனை வைத்துவிட்டு டயர் அடுக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அன்று மதியம் சிவப்பு டிரக் மலையேறிப் போவதைக் கண்ணாடி வழியாக எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வளைவுக்கு முன்னாலேயே பிரேக் விளக்கு எரிந்து அணைந்தது.

ஐலி இன்னும் இரண்டு குளிர்காலம் இருந்தாள். ரோட்டால் ஆஸ்பத்திரி ஒரு தடவையும் தப்பவில்லை. அவள் போனது நல்ல கோடைக்காலத்தில், வீட்டில், தூக்கத்தில். எல்மர் கடைப்பக்கம் வருவது நின்றுபோனது.

நவம்பர் வந்தது. நார்ம் காட்டுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தான். "எல்மர் என்கூட வரான்" என்றான். "கேட்டதும் ஏறி உட்கார்ந்துட்டான். வண்டி வீட்லதான் நிக்குது" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான். நானும் டேலும் போனோம். வாசலிலிருந்து தெரு வரை பனி வழித்துச் சுத்தமாக இருந்தது. சாவி வண்டியிலேயே தொங்கியது. சீட்டில் ஐலியின் அதே துணியில் சுற்றி ஒரு ஏலக்காய் ரொட்டி. அடி கருகி, நடு வேகாமல், ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. பட்டறையில் டயர் மாட்டி முடித்த பிறகு, நானும் தம்பியும் நின்றபடியே அதை ஒரு துண்டு விடாமல் தின்றோம். எழுத்தை உள்பக்கம்தான் திருப்பி மாட்டியிருந்தோம்.

வேட்டை முடிந்து, ஒரு நாள் காலையில் எல்மர் வந்து கவுண்டரில் சாய்ந்தார். காபி ஊற்றினேன். ரோடு எப்படி இருக்கிறது என்று யாரோ கேட்டார்கள்.

"எனக்கென்ன? மணல், கால், மூளை" என்றார்.

"ஆமா, உங்களுக்கு எதுக்குப் பனி டயர்" என்றேன்.

காபியைக் குடித்து முடித்துத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, குளிரெல்லாம் உள்ளே வர, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"ஏலக்காய் ஜாஸ்தியாயிடுச்சு, தெரியும். அடுத்த வருஷம் குறைச்சுப் போடறேன்."